மாடு விழுந்தால் செய்ய வேண்டிய பரீட்சை
(பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்று மாலை எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், கால்நடைகளுக்கு நரம்பு நோய் கண்டால் அதைப் பரீட்சை செய்யும் முறை என்பதாகும். கணக்குப் புஸ்தகம் பார்க்கிற இன்ஸ்பெக்டருக்கு மாட்டு வைத்தியத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் வைத்தியன் அல்லன். என் படிப்பும் பள்ளிக்கூடத்தோடு நின்றதுதான். ஆயினும் சங்கம் கறவை மாடு வாங்கக் கடன் கொடுக்கிறது. மாடு செத்தாலும் கடன் சாவதில்லை. தவணை தவறிய பாக்கிகளை விசாரிக்கப் போகுமிடங்களில், "மாடு போய்விட்டது ஐயா" என்னும் பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்படிப் போயிற்று என்று கேட்டால், "திடீரென்று விழுந்தது, வாயில் நுரை தள்ளிற்று, காற்றுக் கருப்பு ஏதோ அடித்துவிட்டது" என்பார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. இந்த அறியாமையினால் மாடு மட்டுமல்ல, மனித உயிரும் போகக்கூடும் என்பதை நான் என் கண்ணாலேயே காணும்படி நேர்ந்தது. ஆகையால்தான் இவ்விஷயத்தைப் பேசத் துணிந்தேன்.

இரண்டு பசுக்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே கிராமத்தில் ஒரே மாதத்தில் நடந்தவை. இரண்டும் சங்கக் கடனில் வாங்கிய பசுக்கள்.

முதற் பசு இரண்டு நாளாகத் தீனி தின்னவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, கம்மிய குரலில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகிற்று. அது மாம்பழக் காலமாகையால், மாங்கொட்டை தொண்டையில் அடைத்துக்கொண்டதென்று வீட்டார் தீர்மானித்துவிட்டார்கள. அன்று தணிக்கைக்காக அவ்வூரில் தங்கியிருந்த நானும் பார்க்கப் போனேன். பசுவின் சொந்தக்காரர் அதன் வாய்க்குள் முழங்கை வரையில் கையை விட்டுத் துழாவினார். அவர் விரலில் காலையில் புல்லறுக்கும்போது பட்ட அரிவாட் காயம் இருந்தது. அண்டை வீட்டு அம்மாள் பசுவின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் விளக்குப் பிடித்தேன். அம்மட்டோடு நிற்காமல், "இன்னும் சற்று உள்ளே விட்டுப் பாருங்கள்" என்று யோசனையும் சொன்னேன். கொட்டை ஒன்றும் அகப்படவில்லை. இஞ்சிக் கஷாயம் வைத்து மூங்கிற் குழாயினால் புகட்டினோம். பாதி வெளியே வழிந்து எங்கள் கைகளின்மேல் விழுந்தது.

மறுநாள் காலையில் மிருக வைத்தியர் வந்தார். அவர் பசுவின் கிட்டப் போகவே இல்லை. வேலிக்கு வெளியே நின்றபடி சுமார் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டேயிருந்தார். இவர் ஏன் பயப்படுகிறார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் கேட்ட முதற் கேள்வி, "இந்தத் தெருவுக்குள் வெறி பிடித்த நாய் ஏதாவது வந்ததுண்டா?" என்பதுதான். இரண்டு மாதத்திற்கு முன் ஒரு நாய் வந்து, கட்டியிருந்த மாடுகளின்மேல் பாய்ந்து ஓடியது அப்பொழுதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பசுவின் பின்பக்கம் தள்ளாடுவதையும், பின்கால் குளம்பு மடிந்து மடிந்து விழுவதையும், வால் உயிரற்றுத் தொங்குவதையும், சாணமில்லாமலே முக்கிக்கொண்டிருப்பதையும், குரல் மாறியிருப்பதையும் ஒவ்வொன்றாக எங்களுக்குக் காட்டினார். "தொண்டையில் ஒன்றும் இல்லை. விழுங்கச் செய்யும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இனி ஒருவரும் கிட்டப் போகக்கூடாது" என்றார்.

நான்காம் நாள் அந்தப் பசு இறந்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநாய் ரோகமென்றே முடிவு வந்தது. அதற்குமுன்பே, வைத்தியர் எச்சரித்த அன்றைக்கே, எச்சில் பட்ட ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம். அந்த ஐவரில் நானும் ஒருவன். கடவுள் கிருபையாலும், நேரத்தில் சொன்ன வைத்தியராலும் எல்லோரும் சுகமாயிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு மாதமும் விரற்காயத்தைப் பார்த்துப் பார்த்து அந்த மனிதர் பட்ட வேதனையை நான் மறக்க முடியாது. "இன்னும் உள்ளே விடுங்கள்" என்று சொன்னது என் வாயல்லவா?

இனி இரண்டாவது பசு. முதற் பசு இறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். வேறொரு வீட்டில், மூன்றாம் ஈற்றுப் பசு ஒன்று சுகமாகக் கன்று போட்டது. மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், எழுந்திருக்க மாட்டாமல் படுத்துக் கிடந்தது. தலையைத் திருப்பி விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு கண் சொருகிக் கிடந்தது. ஊர் முழுவதும் நடுங்கிற்று. "இதற்கும் அதே வியாதிதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். கன்றுக்குப் பால் ஊட்டக்கூட ஒருவரும் துணியவில்லை. குழி வெட்டவும் ஆள் ஏற்பாடாகிவிட்டது. அந்த வீட்டு அம்மாள் ஒருத்தி மட்டும், "வைத்தியர் வந்து பார்க்கட்டும், அதுவரையில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்" என்று பிடிவாதமாக நின்றாள்.

அதே வைத்தியர் வந்தார். இப்பொழுதும் முதலில் தூரத்தில் நின்றுதான் பார்த்தார். கன்று போட்டு ஒரு நாள்தான் ஆயிற்றென்றும், பசு கொட்டகையைவிட்டு வெளியே போனதில்லையென்றும், நாய் வந்ததில்லையென்றும் விசாரித்து அறிந்தார். பின்னர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அணுகினார். காது சில்லிட்டிருந்தது. மூக்கு வறண்டிருந்தது. உடம்பின் சூடு சாதாரண அளவான நூற்றொன்றரை டிகிரிக்கும் குறைவாக இருந்தது. கண்மணி விரிந்திருந்தது, விளக்கு வெளிச்சத்தைக் காட்டினால் மிகவும் மெதுவாகவே சுருங்கிற்று. வயிற்றில் அசைவு இல்லை. ஆசனவாய் தளர்ந்திருந்தது. "இது பால் ஜுரம்" என்றார். பெயர்தான் ஜுரம், உண்மையில் ஜுரமே கிடையாது. கன்று போட்டவுடன் மடியில் பால் சுரப்பதற்காக இரத்தத்திலுள்ள கால்ஷியம் என்னும் சுண்ணாம்புச் சத்து வேகமாக இறங்கிவிடுகிறது. அது குறைந்தால் நரம்பும் தசையும் வேலை செய்யா. அவர் கழுத்து இரத்தக் குழாயில் கால்ஷியம் மருந்தை மிகவும் மெதுவாக ஏற்றினார். ஏற்றும்போதே இருதயத்தின் அடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும் என்றார். சற்று நேரத்தில் பசுவின் தோல் நடுங்கிற்று, ஏப்பம் விட்டது, சாணம் போட்டது, மூக்கில் ஈரம் அரும்பிற்று. இரண்டு மணி நேரத்திற்குள் எழுந்து நின்று கன்றை நக்கிற்று. அந்தக் கடன் அசலும் வட்டியுமாகத் தீர்ந்துவிட்டது.

அன்பர்களே, இவ்விரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். முதற் பசுவைத் தொடக்கூடாது, நாங்கள் தொட்டோம். இரண்டாவது பசுவைக் கைவிடக்கூடாது. ஊரார் கைவிடப் பார்த்தார்கள். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே. மாடு விழுந்ததைப் பார்த்தோமேயன்றி, எப்படி விழுந்தது என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை. வைத்தியர் செய்த பரீட்சையில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெரும்பகுதி கண்ணால் பார்ப்பதும், காதால் கேட்பதும், கேட்கவேண்டியதைக் கேட்பதுமேயாகும். கையால் செய்யும் பகுதி அவருடையது. கண்ணால் செய்யும் பகுதியை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

அதைக் கற்பதற்கு முன், நரம்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த ஏரிப் பாசனத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மூளை என்பது ஏரி. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு பெரிய வாய்க்கால். அதிலிருந்து கை, கால், வால், தோல் ஆகியவற்றுக்குப் பிரிந்து போகும் நரம்புகள் கிளை வாய்க்கால்கள். ஒரு வயல் மட்டும் காய்ந்தால் அதன் கிளை வாய்க்காலைப் பார்க்கிறோம். கடைமடை வயல்கள் எல்லாம் காய்ந்து, மேல்மடை வயல்கள் பசுமையாயிருந்தால், இடையில் பெரிய வாய்க்கால் அடைபட்டிருக்கிறதென்று அறிகிறோம். ஊர் முழுவதும் காய்ந்தால் ஏரிக்கரைக்கே போகிறோம். மாட்டின் விஷயமும் அப்படியே. ஒரு கால் மட்டும் இழுத்தால் அந்தக் காலின் நரம்பிலோ தசையிலோ எலும்பிலோ குற்றம். முன்கால்கள் நன்றாயிருந்து பின்கால்கள் இரண்டும் விழுந்தால், முன்காலுக்குப் பின்னால் முதுகில் எங்கேயோ குற்றம். நான்கு காலும் தளர்ந்து, ஆனால் புத்தி தெளிவாக இருந்தால், கழுத்துத் தண்டிலோ உடல் முழுவதிலும் உள்ள தசை நரம்புகளிலோ குற்றம். புத்தியே கலங்கியிருந்தால் குற்றம் மூளையில். அல்லது மூளைக்குப் போகும் இரத்தத்தில். எந்த இடம் என்று கண்டுபிடித்த பிறகே என்ன வியாதி என்று யோசிப்பது வைத்தியரின் வழக்கம்.

இப்பொழுது பரீட்சையின் வரிசையைச் சொல்லுகிறேன்.

முதலாவது விசாரணை. மாட்டின் வயது என்ன? எப்பொழுது கன்று போட்டது? வியாதி ஒரே இரவில் வந்ததா, சிறிது சிறிதாக வந்ததா? நேற்றைக்கு இன்று அதிகமா, குறைவா? நாய், நரி, கீரி ஏதாவது கடித்ததா? சென்ற சில மாதங்களுக்குள் எங்கேயாவது காயம் பட்டதா, லாடம் அடிக்கும்போது ஆணி ஏறியதா? பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய்ந்ததா? ஒரு மாட்டுக்கு மட்டுமா, ஒரே வேளையில் பல மாடுகளுக்கா? பல மாடுகள் ஒரே நாளில் விழுந்தால் தீனியிலோ தண்ணீரிலோ விஷம் இருக்கலாமென்று சந்தேகிக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் வீட்டாரிடத்தில்தான் உண்டு. எந்த யந்திரத்திலும் கிடையாது.

இரண்டாவது, தூரத்திலிருந்து புத்தியைப் பார்ப்பது. மாடு நம்மைக் கவனிக்கிறதா? கன்று கத்தினால் திரும்புகிறதா? தூங்கி வழிகிறதா? காரணமின்றி முட்ட வருகிறதா? சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறதா? ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறதா? இவையெல்லாம் மூளையைப் பற்றிய அறிகுறிகள்.

மூன்றாவது, தலையும் முகமும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஒரு காது மட்டும் தொங்குகிறதா? ஒரு கண்ணிமை மட்டும் மூடாமலிருக்கிறதா? உதடு ஒரு பக்கம் கோணி, அந்தப் பக்கம் தீனி வாயிலேயே தங்குகிறதா? கண்மணி தானாகவே பக்கவாட்டில் ஆடுகிறதா? முகத்தின் ஒரு பாதியை மறு பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். லிஸ்டீரியா என்னும் கிருமியால் மூளையின் அடிப்பாகம் கெட்டுப் போகும்போது இவ்விதம் ஒரு பக்கத்து முகம் செத்துப் போகிறது. ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தினால் பிழைப்பதுண்டு; தாமதித்தால் பிழைப்பது அரிது. ரணஜன்னி கண்ட மாடோ, காது விறைத்து, வால் தூக்கி, கால்கள் மரக்கால்போல் நீட்டி நிற்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு வந்து கண்ணை மறைக்கும். கைதட்டினால் உடம்பெல்லாம் துள்ளும். ஆனால் புத்தி தெளிவாகவே இருக்கும்.

நான்காவது, நடை. நிற்கக்கூடிய மாடாயிருந்தால், நேராக நடத்தியும், வளைத்து நடத்தியும், சிறு மேட்டில் ஏற்றி இறக்கியும், பின்னுக்குத் தள்ளியும் பார்ப்பார்கள். குளம்பின் முனை தரையில் தேய்ந்து கோடு விழுகிறதா? கால் ஒன்றோடொன்று பின்னுகிறதா? தேவைக்கு மேல் உயரத் தூக்கி வைக்கிறதா? நொண்டும் மாட்டுக்கும் நரம்பு கெட்ட மாட்டுக்கும் பேதம் உண்டு. நொண்டும் மாடு வலியினால் காலை வைக்கப் பயப்படும். ஒவ்வோர் அடியும் ஒரே மாதிரியாக இருக்கும். நரம்பு கெட்ட மாட்டுக்குக் கால் எங்கேயிருக்கிறதென்றே தெரியாது. ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விதமாக விழும். வெறி உண்டென்று சிறிது சந்தேகமிருந்தாலும் மாட்டை நடத்திப் பார்க்கும் வேலையை நாம் செய்யவே கூடாது.

ஐந்தாவது, கையால் தொட்டுப் பார்ப்பது. இது முற்றிலும் வைத்தியரின் வேலை. அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பதை மட்டும் நாம் அறிந்துகொண்டால், "ஊசி போடாமல் என்ன விளையாட்டு?" என்று அவரை அவசரப்படுத்த மாட்டோம். கண்ணுக்கு நேரே காற்று அடிக்காதபடி கையைக் கொண்டுவருகிறார். மாடு இமைத்தால் பார்வையும், மூளையும், இமையின் நரம்பும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். பிறந்து சில நாளே ஆன கன்று இதற்கு இமைக்காது, அது நோயன்று. விளக்கைக் கண்ணில் காட்டுகிறார். கண்மணி சுருங்க வேண்டும். வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கியும், கைக்குக் கண் இமைக்காமற்போனால், கண் நல்லது, மூளையில்தான் குற்றம் என்று ஊகிக்கிறார். முதுகின் இரு பக்கத்திலும் பேனா முனையால் குத்திக்கொண்டே போகிறார். ஈ உட்கார்ந்தால் தோல் துடிக்குமே, அதே துடிப்பு எந்த இடத்தில் நிற்கிறதென்று பார்த்தால், தண்டு எங்கே அறுபட்டிருக்கிறதென்று ஏறக்குறையத் தெரியும். வாலைத் தூக்கிப் பார்க்கிறார். கடைசியாகக் குளம்புக்கு மேலுள்ள தோலைக் கிள்ளுகிறார். இதில் ஒரு நுட்பம் உண்டு. மாடு காலை இழுத்துக்கொள்ளுவது வேறு. வலியை அறிவது வேறு. கால் இழுப்பது கீழேயுள்ள நரம்பு மட்டும் செய்யும் காரியம். மாடு திரும்பிப் பார்த்தாலோ கத்தினாலோதான் செய்தி மூளைவரையில் போயிற்றென்று அர்த்தம். கால் இழுத்தும் மாடு திரும்பிப் பார்க்காமலிருந்தால், பெரும்பாலும் அதன் தண்டு அறுந்த வாய்க்கால்தான். வீணாகச் செலவு செய்ய வேண்டாமென்று வைத்தியர் சொல்லக்கூடும். அச்சொல்லும் நமக்கு உபகாரமே.

ஆட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரே வட்டமாகச் சுற்றும் ஆட்டைப் பேய் பிடித்ததென்று கோவிலுக்கு ஓட்டுகிறார்கள். நாயின் குடலிலுள்ள ஒரு நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சலோடு ஆட்டின் வயிற்றுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே ஆடு பெரும்பாலும் சுற்றும். பார்வையோ எதிர்ப்பக்கத்துக் கண்ணில் கெடும். ஆகவே சுற்றும் திசையையும் கண்ணையும் பார்த்தே, மண்டையைத் திறக்குமுன் கட்டி எந்தப் பக்கமென்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். இறந்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாதிருப்பதும், நாய்க்குப் புழு மருந்து கொடுப்பதுமே இதைத் தடுக்கும் வழி. நாய்க்கு நாம் போடும் தலையே அடுத்த வருஷம் நம் மந்தைக்குத் திரும்பி வருகிறது.

இந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. 1885ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் என்பவர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். 1907ஆம் வருஷத்தில் நமது நீலகிரியில் குன்னூரிலேயே அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. பால் ஜுரத்திலோ, டென்மார்க் தேசத்து மிருக வைத்தியர் ஷ்மிட் என்பவர் 1897ஆம் வருஷத்தில் மடியினுள் மருந்து செலுத்தும் முறையைக் கண்டார். பின்பு மடியில் வெறுங்காற்றை அடைத்தாலே போதுமென்று தெரிந்தது. காற்று எப்படி நோயைத் தீர்க்கிறதென்று அப்பொழுது விளங்கவில்லை. 1925ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர், இது கால்ஷியக் குறைவே என்று வெளியிட்டார்கள். காற்று நிறைந்த மடியில் பால் சுரப்பது நின்று, இரத்தத்துக் கால்ஷியம் வெளியே போகாமல் நின்றதுதான் இரகசியம். முன்பு மடிந்த பசுக்கள் இன்று இரண்டு மணி நேரத்தில் எழுகின்றன. ஆனால் அந்த மருந்து புட்டியில் இருந்தால் போதாது. இது எந்த நோய் என்று கண்டறியும் கண்ணும் வேண்டும்.

முடிவாக, நாம் செய்யவேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் சுருக்கிச் சொல்லுகிறேன்.

எச்சில் ஒழுகும் மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை எக்காரணத்தைக்கொண்டும் விடாதீர்கள். தொண்டை அடைப்பென்று நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயமிருந்தாலும், மிச்சமுள்ள பத்துக்காகக் கையை வெளியே வையுங்கள். விழுந்து கிடக்கும் மாட்டுக்குக் கஞ்சி, கஷாயம் எதையும் குழாயினால் புகட்டாதீர்கள். விழுங்கும் நரம்பு தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்க் கொன்றுவிடும். சூட்டுக்கோல் போடாதீர்கள். நரம்பு நோய்க்குச் சூடு மருந்தன்று. வைத்தியர் பார்க்கவேண்டிய தோலையும் அது கெடுத்துவிடும்.

வெறி உண்டென்று சந்தேகமிருந்தால் மாட்டைத் தனியே விட்டுக் கதவை அடைத்து, பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். அதன் பாலை ஒருவரும் குடிக்கவும் வேண்டாம், சங்கத்துக்கு ஊற்றவும் வேண்டாம். எச்சில் பட்ட கையை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும்கொண்டு கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடும் பழைய முறை இப்பொழுது இல்லை. கையில் சில ஊசிகள்தான். காயமிருந்தால் காயத்தைச் சுற்றியும் மருந்து போடுவார்கள். வைத்தியர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது. வியாதி மனிதனிடத்தில் வெளிப்பட்ட பிறகு மருந்து இல்லை. வெளிப்படுமுன் தடுப்பு உண்டு. நாய் கடித்த மாட்டுக்கும், அறிகுறி தோன்றுமுன் உடனே வைத்தியரிடம் சொன்னால், தொடர்ச்சியாக ஊசி போட்டுக் காப்பாற்ற முயலலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, தெருநாய்க்கும் வீட்டு நாய்க்கும் வருஷந்தோறும் தடுப்பூசி போடுவதே அடிப்படை.

கன்று போட்ட பசு விழுந்து கிடந்தால், அதைப் பக்கமாகச் சாய விடாமல், மார்பெலும்பின்மேல் உட்காரும்படி வைக்கோற் கட்டுகளால் முட்டுக் கொடுங்கள். அடியில் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்புங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். வெகுநேரம் ஒரே பக்கத்தில் கிடந்தால், கால்ஷியம் ஏறிய பிறகும் அழுந்திய கால் எழுந்திருக்காது. எழுந்த பசுவும் சில சமயம் மறுநாள் மறுபடியும் விழுவதுண்டு; ஆகையால் வைத்தியர் போனதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள்.

இந்தச் சங்கத்தார்க்கு நான் ஒரு வேண்டுகோள் செய்துகொள்ளுகிறேன். பால் அளக்கும் இடத்தில் ஒரு நோட்டுப் புஸ்தகம் தொங்கவிடுங்கள். எந்த வீட்டு மாட்டுக்கு என்று எந்தத் தேதியில் நாய் கடித்தது, எந்தத் தேதியில் கன்று போட்டது, விழுந்தது எத்தனை மணிக்கு, முதலில் எந்தக் கால் தளர்ந்தது என்று அதில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு டார்ச் விளக்கு, ஒரு கட்டி சோப்பு ஆகியவற்றைச் சங்கச் செலவில் வாங்கி வையுங்கள். இதற்கு ஆகும் செலவை நான் தணிக்கையில் ஆட்சேபிக்க மாட்டேன் என்று இந்தச் சபையிலேயே சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு அவ்வூரில் இப்படிப்பட்ட நோட்டுப் புஸ்தகம் ஒன்று இருந்திருந்தால், இரண்டு மாதத்திற்கு முன் நாய் வந்ததை நாங்கள் மறந்திருக்க மாட்டோம்; ஐந்து பேர் ஆஸ்பத்திரி வாயிலில் நின்றிருக்கவும் மாட்டோம்.

மாட்டுக்கு வாயில்லை என்கிறோம். ஆனால் அது காதாலும், கண்ணாலும், வாலாலும், அடியெடுத்து வைக்கும் விதத்தாலும் தன் குறையைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. கையை நீட்டுமுன் அதைக் கேட்கப் பழகுவோமாக.